மேலிடத்து உத்தரவு

எங்கள் அன்பியம் மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடும். ஒரு வாசகம், அதன்மேல் கொஞ்சம் பேச்சு, செபமாலை, பிறகு காப்பியும் முறுக்கும். போன நவம்பரில் எங்கள் வீட்டு முறை. அன்று வந்த வாசகம் உரோமையர் 13. ஆளுகிறவர்களுக்குப் பணிந்திருங்கள், அவர்கள் கடவுளால் ஏற்படுத்தப்பட்டவர்கள், வரி கொடுக்க வேண்டியவர்களுக்கு வரி கொடுங்கள் என்று சின்னப்பர் சொல்லுகிற பகுதி. வாசித்தது எதிர்வீட்டுப் பெண். குரூப் 4 தேறி, கிராம நிர்வாக அலுவலராக ஆணை வாங்கி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. வாசித்து முடித்தவள் புத்தகத்தை மூடாமல் என்னைப் பார்த்தாள்.

"தாத்தா, நீங்க ரெவின்யூவுலதான இருந்தீங்க? மேல இருந்து தப்பா ஒரு ஆர்டர் வந்தா என்ன செய்யணும்?"

இளநிலை உதவியாளராகச் சேர்ந்து துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் நான். இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்திருக்க வேண்டும். "அடுத்த மாசம் சொல்லுதேன்" என்று முறுக்குத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன். அந்த நிமிஷம் என் கண்முன் நின்றவை ஆறு மரநிலைகள். அவற்றைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் ஒரு கோயில்பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் அப்பாவும் கோயில்பிள்ளைதான். தேரிக்காட்டு ஓரத்தில், பனைகளுக்கு நடுவே ஒரு சின்னப் பங்கு. மூன்று வேளையும் திரிகால மணி அடிப்பது, பூசைக்குத் திரி ஏற்றுவது, சாமியாருக்கு உடுப்பு எடுத்துவைப்பது, சாவுமணி அடிப்பது, சுரூபங்களின் தூசி தட்டுவது எல்லாம் அவர் வேலை. சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. பனையேறும் வீடுகளிலிருந்து கருப்பட்டி வரும். இப்படி வளர்ந்ததால், உலகத்தின் எந்த மூலையில் ஒரு கோயில்பிள்ளையைப் பற்றிப் பேச்சு வந்தாலும் எனக்குக் காது நிமிர்ந்துவிடும். ஓய்வு பெற்றபின் ஒருநாள், மகள் வீட்டில், டெரன்ஸ் மாலிக் எடுத்த 'எ ஹிடன் லைஃப்' என்ற படத்தைப் பேரன் போட்டுக் காட்டினான். மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. பாதிப் படம் புல்லும் மலையும். பேரன் தூங்கிவிட்டான். நான் தூங்கவில்லை. அதற்குப்பின் கிடைத்ததையெல்லாம் தேடி வாசித்தேன்.

ஃப்ரான்ஸ் யேகர்ஷ்டெட்டர் 1907-ல் பிறந்த ஆஸ்திரிய விவசாயி. ஊர் சங்க்ட் ராடெகுண்ட், ஜெர்மனியின் எல்லையில், சால்சாஹ் ஆற்றோரம். ஹிட்லர் பிறந்த ப்ரௌனாவும் அதே மாவட்டம். இளவயதில் சண்டைக்காரர். ஊருக்குள் முதன்முதலில் மோட்டார் சைக்கிள் கொண்டுவந்தவர். கல்யாணத்துக்கு முன்பே ஒரு பெண்குழந்தைக்குத் தகப்பன். நான் இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம், நம் கோயில்களில் விற்கிற புனிதர் வரலாற்றுச் சிறுநூல்களில் எல்லாப் புனிதர்களும் தொட்டிலிலேயே செபமாலையோடு பிறக்கிறார்கள். இவர் அப்படி இல்லை. 1936-ல் ஃப்ரான்சிஸ்காவை மணந்தபின்தான் பக்தி ஆழமானது. மூன்று பெண்பிள்ளைகள். 1941-லிருந்து கோயில்பிள்ளை வேலையும் பார்த்தார்.

1938 ஏப்ரலில் ஆஸ்திரியாவை ஜெர்மனியோடு இணைப்பதற்கு மக்கள் வாக்கெடுப்பு நடந்தது. அந்த ஊரில் 'இல்லை' என்று போட்டவர் இவர் ஒருவர்தான். அறிவிப்பில் அதுவும் வரவில்லை; ஊர் முழுக்க 'ஆம்' என்றே கணக்கு எழுதினார்கள். (கணக்கு எழுதும் கைகளை எனக்குத் தெரியும். அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.) கட்சிக்காரர்கள் உண்டியலோடு வந்தால் காசு போடமாட்டார். அரசு கொடுத்த பிள்ளைகள் உதவித்தொகையையும் வாங்கவில்லை.

ஆனால் 1940-ல் படைக்கு அழைத்தபோது போனார். உறுதிமொழி எடுத்தார், பயிற்சியும் பெற்றார். ஊர்த்தலைவர் சொல்லி, விவசாயத்துக்கு ஆள் வேண்டுமென்று திரும்பி வந்தார். அதாவது முதலில் கீழ்ப்படிந்திருக்கிறார். எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது இந்த இடத்தில்தான். வீட்டுக்கு வந்து, உழுது, மணி அடித்து, வேதாகமம் வாசித்து, யோசித்தார். இந்தப் போர் அக்கிரமம், மறுபடி கூப்பிட்டால் போகமாட்டேன் என்ற முடிவுக்கு வந்தார். வந்தபின் தன் திருச்சபையிடம் கேட்கப் போனார்.

லின்ஸ் ஆயர் ஃப்லீஸரைப் பார்க்க மனைவியையும் கூட்டிக்கொண்டு போனார். ஃப்ரான்சிஸ்கா பக்கத்து அறையில் காத்திருந்தார். உள்ளே கேட்ட கேள்வியின் சாரம் இது: நியாயமற்ற போரில் சண்டைபோடுவது பாவம் இல்லையா? ஆயர் சொன்ன பதிலின் சாரம்: ஆட்சியாளர்கள் செய்வதற்குப் பொறுப்பு அவர்களுடையது. தனி ஆளாகிய உனக்கு அந்தப் பொறுப்பு இல்லை. உனக்குப் பொறுப்பு உன் குடும்பம். வெளியே வந்த ஃப்ரான்ஸின் முகம் வாடியிருந்ததாக ஃப்ரான்சிஸ்கா பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆயர்களுக்கும் பயம், வாயைத் திறந்தால் அடுத்தது தங்கள் முறை என்று. கணவர் அப்படித்தான் புரிந்துகொண்டாராம். தன்னை உளவு பார்க்க வந்தவன் என்று ஆயர் சந்தேகப்பட்டிருப்பாரோ என்றும் அவருக்குத் தோன்றியிருக்கிறது.

ஃப்லீஸரைக் கோழை என்று எழுதிவிட்டுப் போவது எளிது. அவருடைய குருக்கள் சிலர் அப்போது சிறையிலும் வதைமுகாமிலும் இருந்தார்கள். சங்க்ட் ராடெகுண்டின் முந்தைய பங்குச்சாமியாரே ஒரு பிரசங்கத்துக்காகப் பிடிபட்டு ஊரைவிட்டு அனுப்பப்பட்டவர். எதிரே உட்கார்ந்திருப்பவரோ, 3 சின்னப் பிள்ளைகளின் தகப்பன். 'போய்ச் சாகு' என்று எந்த ஆயர் சொல்லுவார்? அவர் சொன்னதில் இரக்கம் இருந்தது. கூடவே ஒரு கோட்பாடும் இருந்தது. அந்தக் கோட்பாடு எனக்கு நன்றாகத் தெரியும். இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு தாலுகா அலுவலகத்தில் உதவியாளராக இருந்தேன். வாய்க்கால் ஓரத்தில் இருந்த குடிசைகளை அகற்ற வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்தது. 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம், 7-ஆம் பிரிவில் நோட்டீஸ், பிறகு 6-ஆம் பிரிவில் வெளியேற்றம். பட்டியல் தயாரிப்பது என் வேலை. 43 வீடுகள். அ-பதிவேட்டையும் புலப்படத்தையும் வைத்துச் சரிபார்த்தபோது, கிழக்கு வரிசையில் 6 வீடுகள் வாய்க்கால் புறம்போக்கில் வரவில்லை என்று தெரிந்தது. அவை இருந்தது கிராம நத்தத்தில். நத்தம் என்றால் குடியிருக்கத்தான் இடம். அந்த 6 பேருக்கும் நோட்டீஸ் கொடுக்கவே கூடாது.

மேலே இருந்தவரிடம் வாயால் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, தேதி நெருக்கியது. "மொத்தமா எடுக்கச் சொல்லி ஆர்டர். நீ ஏன் ஆறு எட்டுன்னு பிரிக்கே? ஃபைலை மேல ஏத்து" என்றார். ஏற்றினேன். குறிப்புக் கோப்பில் ஒரு வரி எழுதியிருக்கலாம். புலப்படத்தின்படி இன்ன இன்ன வீடுகள் நத்தத்தில் உள்ளன, உத்தரவுக்குப் பணிந்து அனுப்பப்படுகிறது என்று. அப்படி எழுதியிருந்தால் எனக்கு மேலே கையெழுத்துப் போடுகிற ஒவ்வொருவரும் அதை வாசித்துவிட்டுத்தான் போட வேண்டும். எழுதவில்லை.

இயந்திரம் வந்த அன்று நானும் போயிருந்தேன். யாரும் கல்லெறியவில்லை, யாரும் மண்ணெண்ணெய் ஊற்றிக்கொள்ளவில்லை. கிழக்கு வரிசையிலிருந்து ஒரு வயதான அம்மா வந்து, "ஐயா, நிலையை மட்டும் பேத்து எடுத்துக்கிடுதோம். ஒரு மணிநேரம் குடுங்க" என்றார். ஓலையும் மண்சுவரும் போகட்டும், நிலை பூவரசு மரம், கடன் வாங்கிச் செய்தது. பெருந்தன்மையோடு ஒரு மணிநேரம் கொடுத்தோம். 6 நிலைகளையும் பெயர்த்து ரோட்டோரம் சாய்த்து வைத்தார்கள். வீடு இல்லாமல் வெறும் வாசல்கள் வரிசையாக நின்றன.

அந்த வாரமே பாவசங்கீர்த்தனம் செய்தேன். குருவானவர் பொறுமையாகக் கேட்டார். "நீ உத்தரவை நிறைவேத்தினவன். சட்டத்துக்கும் அதிகாரத்துக்கும் கீழ்ப்படிஞ்சிருக்கே. தப்பு இருந்தா அது உத்தரவு போட்டவங்க பொறுப்பு, உன்மேல இல்லை" என்றார். மூன்று அருள்நிறைந்த மரியே சொல்லச் சொன்னார். என்ன நிம்மதி! இறங்கி வரும்போது படிகூடச் சமதளம் போல இருந்தது. இருபது வருஷத்துக்கும் மேலாக அந்த நிம்மதியில்தான் இருந்தேன். லின்ஸ் ஆயர் அந்த விவசாயிக்குக் கொடுக்கப் பார்த்ததும் இதே நிம்மதி. அவர் வாங்கவில்லை, நான் வாங்கிக்கொண்டேன்.

அலுவலகத்தில் ஒரு விசித்திரம் உண்டு. கீழே இருப்பவனைக் கேட்டால் மேலிடத்து உத்தரவு என்பான். மேலே இருப்பவரைக் கேட்டால், கீழிருந்து வந்த பட்டியலின்படி கையெழுத்திட்டேன் என்பார். வேலை மேலிருந்து கீழே வரும், பொறுப்பு கீழிருந்து மேலே போகும், நடுவழியில் எங்கேயோ அது ஆவியாகிவிடும். வீடு மட்டும் இடிந்திருக்கும். 1961-ல் எருசலேமில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தேன் என்று திரும்பத் திரும்பச் சொன்ன ஐக்மன் வளர்ந்தது லின்ஸ் நகரத்தில். ஃப்ரான்ஸ் ஆயரைப் பார்க்கப் போன அதே லின்ஸ். என் பட்டியலையும் அவன் ரயில் பட்டியலையும் ஒரே தராசில் வைக்கவில்லை. தராசு வேறு, படிக்கல் வேறு. சொல்லிய சாக்கு ஒன்றுதான்.

சரி, அப்படியானால் சின்னப்பர் எழுதியதை என்ன செய்வது? அது திருநூலில் இருக்கிறது, கிழித்துப் போட முடியாது. போடவும் எனக்கு விருப்பமில்லை. அரசாங்கம் என்பதே சைத்தானின் வேலை என்று பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. பட்டா, பிறப்புச் சான்று, முதியோர் உதவித்தொகை, வெள்ளத்தின்போது பள்ளிக்கூடத்தில் சோறு இவையெல்லாம் யாரோ ஒருவன் ஒழுங்காக உத்தரவுக்குப் பணிந்து வேலை செய்வதால்தான் நடக்கின்றன. ஆளாளுக்கு மனசாட்சி பேசினால் ரேஷன் கடை திறக்காது.

எங்கள் ஊர்க் கோயிலில் சின்னப்பர் சுரூபத்தின் கையில் ஒரு நீண்ட வாள் இருக்கும். சின்ன வயசில் அவரைப் போர்வீரர் என்றே நினைத்திருந்தேன். ஒருநாள் அப்பா தூசி தட்டும்போது கேட்டேன். "ஏலே, அது அவரு வாளு இல்ல. அவரை வெட்டுன வாளு" என்றார். உரோமையர் 13-ல் அதிகாரத்தின் கையில் வாள் சும்மா இல்லை என்று எழுதியவர் அவர். நீரோ காலத்தில், உரோமையில், அந்த வாளாலேயே தலை வெட்டப்பட்டார் என்பது மரபு. அந்த அதிகாரத்தை வாசிக்கிற ஒவ்வொரு முறையும் எழுதியவரின் சாவையும் சேர்த்து வாசிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அதிகாரிகளுக்கு எப்போதும் கீழ்ப்படிகிற ஆளை எதற்காக வெட்டப் போகிறார்கள்?

அவர் வாழ்க்கையைப் பாருங்கள். தமஸ்குவில் ஆளுநர் பிடிக்க ஆள் வைத்தபோது, மதில் ஜன்னல் வழியாகக் கூடையில் இறங்கித் தப்பினார். அதை அவரே கொரிந்தியருக்கு எழுதுகிறார். பிலிப்பியில் அடித்துச் சிறையில் போட்டுவிட்டு மறுநாள் காலையில் சத்தமில்லாமல் போய்விடச் சொன்னபோது, போகமாட்டேன், உரோமைக் குடிமகனை விசாரணையில்லாமல் அடித்தவர்கள் நேரில் வந்து வெளியே கூட்டிப்போகட்டும் என்று உட்கார்ந்துகொண்டார். சட்டம் தெரிந்தவன் செய்கிற காரியம் அது. வாசிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். இப்படி மனுதாரர்கள் எனக்கும் சிலர் வாய்த்திருக்கிறார்கள்.

கிரேக்கம் கற்றுக்கொடுத்த ஒரு குருவானவர் ஒரு தியானத்தில் சொன்ன சங்கதி இது. பிள்ளைகள் பெற்றோருக்குக் கீழ்ப்படிய வேண்டும், அடிமைகள் எசமானருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று எழுதுகிற இடங்களில் வருகிற சொல் 'ஹுப்பாகூஓ'. சொன்னதைக் கேட்டுச் செய்வது. உரோமையர் 13-ல் இருப்பது வேறு சொல், 'ஹுப்போடாஸோ'. ஒரு வரிசைக்குக் கீழே தன்னை நிறுத்திக்கொள்வது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் இரண்டுக்கும் கீழ்ப்படிதல் என்றே இருப்பதால் நமக்கு வித்தியாசம் தெரிவதில்லை. இந்த ஒரு சொல்லை வைத்துக் கோட்டை கட்டிவிடக் கூடாது. கிரேக்கத்தில் இரண்டும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு வருகிற சொற்கள்தான். ஆனாலும் இது எனக்கு ஒரு சன்னலைத் திறந்தது. சொன்னதைச் செய்ய மறுத்துவிட்டு, அதற்கான தண்டனையை அதிகாரத்தின் கையிலிருந்து ஓடாமல் வாங்கிக்கொள்கிறவன் கீழ்ப்படியாதவன்தான். ஆனால் பணியாதவனா?

ஃப்ரான்ஸ் செய்தது இதைத்தான். 1943 பிப்ரவரியில் மறுபடி அழைப்பு வந்தது. காட்டுக்குள் ஒளிந்திருக்கலாம். ஒளிந்தால் வீட்டாரைப் பிடிப்பார்கள். மார்ச் 1-ஆம் தேதி என்ஸ் நகரத்துப் படைமுகாமுக்குத் தானே போய், சண்டைபோட மாட்டேன் என்று சொன்னார். மருத்துவப் பிரிவில் வேலை செய்யத் தயார் என்றார். அதை யாரும் காதில் வாங்கவில்லை. முதலில் லின்ஸ் சிறை, பிறகு பெர்லினில் டேகல் சிறை. ஜூலை 6-ஆம் தேதி படை நீதிமன்றம் மரணதண்டனை விதித்தது. அதன்பிறகு ஒருமுறை ஃப்ரான்சிஸ்காவும் பங்குச்சாமியாரும் பெர்லின் வரை போய்ப் பார்த்தார்கள். இருபது நிமிஷம். சாமியார் அப்போதும் மனத்தை மாற்றிக்கொள்ளச் சொல்லிப் பார்த்தார். ஆகஸ்ட் 9-ஆம் தேதி ப்ராண்டன்பர்க்கில் தலை வெட்டப்பட்டது. சின்னப்பருக்கு நேர்ந்ததே.

கத்தோலிக்கத் தமிழில் நமக்கு ஒரு நல்ல சொல் இருக்கிறது: ஒப்புக்கொடுத்தல். பூசை ஒப்புக்கொடுக்கிறோம், நோயை ஒப்புக்கொடுக்கிறோம். அவர் செய்ததற்குக் கீழ்ப்படியாமை என்ற சொல்லைவிட இது பொருந்தும் என்று படுகிறது.

கடைசி நாட்களில் அவருக்குக் கிடைத்த ஒரு பெரிய ஆறுதல், சிறைச் சாமியார் ஒருவர் சொன்ன செய்தி. ஃப்ரான்ஸ் ரைனிஷ் என்ற குருவானவர் ஹிட்லருக்கு உறுதிமொழி எடுக்க மறுத்து, முந்தைய வருஷம் ஆகஸ்டில் அதே இடத்தில் கொல்லப்பட்டார் என்பது. தான் தனியாள் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அதே காலத்தில் யெகோவாவின் சாட்சிகள் நூற்றுக்கணக்கில் ஆயுதம் எடுக்க மறுத்துச் செத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை நாம் பதிதர்கள் என்று வாசலிலேயே திருப்பி அனுப்புகிறவர்கள். 1985-ல் கேரளத்தில் அந்தச் சபையைச் சேர்ந்த 3 பிள்ளைகளைத் தேசியகீதம் பாடவில்லை என்று பள்ளியிலிருந்து வெளியேற்றினார்கள். மரியாதையாக எழுந்து நின்றார்கள், வாயைத்தான் திறக்கவில்லை. மறுவருஷம் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சின்னப்ப ரெட்டி அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தார். அன்றைக்கு எங்கள் அலுவலகத்தில் அந்தப் பிள்ளைகளைத் திட்டியவர்களில் நான் முதல் ஆள். "கவர்ன்மெண்டுக்கு அடங்காதவன் கடவுளுக்கு எப்படி அடங்குவான்?" என்று கேட்டது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

போருக்குப்பின் என்ன நடந்தது என்பது இன்னும் சங்கடம். ஊர் ஃப்ரான்ஸைத் துரோகி என்றது. தன் பிள்ளையைப் போர்முனையில் பறிகொடுத்தவர்கள், அப்படியானால் எங்கள் பிள்ளை செத்தது வீணா என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியையும் தள்ளிவிட முடியாது. ஃப்ரான்சிஸ்காவுக்கு 1950 வரை போர் விதவைகளுக்கான ஓய்வூதியம் தரவில்லை. 1946-ல் ஃப்ரான்ஸைப் பற்றி ஒரு கட்டுரை போட மறைமாவட்ட இதழ் நினைத்தபோது, அதே ஃப்லீஸர் தடுத்தார். கடமை என்று நம்பிச் சண்டைபோட்டுச் செத்தவர்கள்தான் பெரிய வீரர்கள் என்பது அவர் எண்ணம். ஹிட்லர் போனபின்னும், பயப்பட ஆள் இல்லாதபோதும், அவர் கோட்பாட்டை விடவில்லை. ஆகவே அன்று அவர் சொன்னது வெறும் பயத்தில் சொன்னதல்ல என்று தெரிகிறது. அதுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது.

கதையை உலகத்துக்குச் சொன்னவர் கார்டன் ஸான் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர். இரண்டாம் உலகப்போரில் தானும் ஆயுதம் எடுக்க மறுத்தவர். அவர் புத்தகம் 1964-ல் வந்தது. அடுத்த வருஷம், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் முன் இந்த விவசாயியின் கதையைக் கொண்டுபோனவர் தாமஸ் ராபர்ட்ஸ் என்ற சேசுசபைப் பேராயர். 1950 வரை பம்பாயின் பேராயராக இருந்து, அந்த இடம் இந்தியர் ஒருவருக்குப் போக வேண்டும் என்று ஒதுங்கிக்கொண்டவர். அவருக்குப்பின் வந்தவர் வலேரியன் கிரேசியஸ். அதிகார நாற்காலியைத் தானாக விட்டவர் கீழ்ப்படிதலைப் பற்றிப் பேசும்போது கேட்கலாம். அந்த டிசம்பரில் சங்கம் வெளியிட்ட ஏட்டில், குற்றமான உத்தரவை நிறைவேற்றியவனுக்குக் குருட்டுக் கீழ்ப்படிதல் சாக்காகாது என்றும், மனசாட்சியின்படி ஆயுதம் எடுக்க மறுப்பவர்களுக்குச் சட்டம் இடம் கொடுக்க வேண்டும் என்றும் எழுதினார்கள். என் பாவசங்கீர்த்தனத்துக்கு முப்பது வருஷம் முன்பே எழுதியாகிவிட்டது. எங்கள் பங்குவரை வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

ஒன்று கவனித்திருக்கிறேன். அரசு நம் பள்ளிக்கூடத்தையோ கோயில் மதிலையோ தொட்டால் பிரசங்கத்தில் உடனே திருத்தூதர் பணிகள் 5 வந்துவிடும்: மனிதரைவிடக் கடவுளுக்கே கீழ்ப்படிய வேண்டும் என்று இராயப்பர் தலைமைச் சங்கத்தின் முன் நின்று சொன்ன இடம். அடுத்தவன் குடிசையைத் தொட்டால் உரோமையர் 13. ஃப்ரான்ஸிடம் யாரும் விசுவாசத்தை மறுதலிக்கச் சொல்லவில்லை. பூசைக்குப் போகாதே என்றுகூடச் சொல்லவில்லை. போய், முன்பின் தெரியாத ரஷ்யனைச் சுடு என்றார்கள், அவ்வளவே. தன் மதத்துக்காக இல்லாமல் அந்த ரஷ்யனுக்காக மறுத்தார். எகிப்தில் சிப்ரா, பூவா என்ற மருத்துவச்சிகள் இருவர் பார்வோன் கொல்லச் சொன்ன ஆண்குழந்தைகளை விட்டுவைத்ததும் யாரோ பெற்ற பிள்ளைகளுக்காகத்தான். விசாரித்தபோது எபிரேயப் பெண்கள் பலசாலிகள், நாங்கள் போவதற்குள் பெற்றுவிடுகிறார்கள் என்று ஒரு பொய்யும் சொன்னார்கள். ஒரு கடைநிலை ஊழியர் மேலதிகாரிக்குச் சொல்லக்கூடிய மிகச் சிறந்த பொய் அது.

ஃப்ரான்ஸ் செய்தது முழுக்கச் சரி என்று என்னால் கை தூக்க முடியாது. மூன்று பெண்களில் மூத்தவளுக்கு அப்போது 5 வயது. நானாக இருந்தால் பிள்ளைகள் முகத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருப்பேன். போட்டிருக்கிறேன், அதைவிடச் சின்னக் காரியத்துக்கே. முதலில் மன்றாடிய ஃப்ரான்சிஸ்கா, பிறகு கணவர் பக்கம் நின்றார். நானும் விட்டிருந்தால் அவருக்கு யாருமே இருந்திருக்கமாட்டார்கள் என்று பின்னால் சொன்னார். 2007 அக்டோபர் 26-ஆம் தேதி லின்ஸ் பேராலயத்தில் கணவருக்கு அருளாளர் பட்டம் கொடுத்தபோது அவருக்கு வயது 94. உட்கார்ந்து பார்த்தார். 2013-ல், 100 வயது முடிந்து சில நாட்களில் இறந்தார்.

டிசம்பர் அன்பியம் வேறொரு வீட்டில். கோயில்பிள்ளை கதையைச் சொன்னேன். 6 நிலைகளையும் சொன்னேன். என் மனைவிக்கே அது புதுசு. யாரும் ஒன்றும் பேசவில்லை. அந்தப் பெண்தான் கேட்டாள். "நீங்க அந்த ஒரு வரியை நோட்ல எழுதியிருந்தா வீட்டை இடிச்சிருக்க மாட்டாங்களா, தாத்தா?"

"இடிச்சிருப்பாங்கன்னுதான் நினைக்கேன்."

"பெறகு?"

பெறகு என்ன என்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கும் காப்பி வந்து காப்பாற்றியது.

பொங்கல் கழிந்து ஒரு சாயங்காலம் அவளே வீட்டுக்கு வந்தாள். கையில் புலப்பட நகல் ஒன்று, அ-பதிவேட்டில் எழுதியெடுத்த ஒரு தாள், வாய்க்கால் ஓரத்து வீடுகளின் பட்டியல் ஒன்று. திங்கட்கிழமைக்குள் அனுப்ப வேண்டுமாம். எல்லை சரியாக இருக்கிறதா என்று தனக்குப் பிடிபடவில்லை என்றாள். டீப்பாய் மேலிருந்த செய்தித்தாளை எடுத்துவிட்டு நகலை விரித்தோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பேரனின் அளவுகோலைத் தேடி எடுத்து வந்தேன்.

"முதல் சர்வே நம்பரைச் சொல்லு" என்றேன்.